மைதானம் வேண்டும், மைந்தன் வேண்டாமா?

வெளிமாநிலத்துக்குப் பிழைக்கப் போனவர்களை ஆயுள் முழுவதும் துரத்துகிற கேள்வி ஒன்று உண்டு. "சொந்த ஊர் எது?" என்பதே அது. ரேஷன் கார்டு மனுவிலும், பள்ளிக்கூடச் சேர்க்கை மனுவிலும், வேலைக்கான விண்ணப்பத்திலும் அந்தக் கேள்வி வரும். பிறந்த ஊரை எழுதுவதா, இருபது ஆண்டுகளாக வாடகை கொடுத்துக் குடியிருக்கும் ஊரை எழுதுவதா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பிள்ளைகளுக்கோ அந்தக் கேள்வி இன்னும் கடினம்.

ஆஸ்திரேலியாவில் இதே கேள்வி ஒரு விளையாட்டின் சட்டமாகவே ஆகிவிட்டது. ரக்பி லீக் என்பது அந்த விளையாட்டின் பெயர். அணிக்கு 13 பேர் களத்தில் நின்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரிகளின் பிடியை முறித்துக்கொண்டு ஓடி, கோட்டைத் தாண்டித் தரையில் வைக்கிற முரட்டு ஆட்டம். அதில் ஆண்டுதோறும் நியூ சவுத் வேல்ஸ், குயீன்ஸ்லாந்து என்ற இரு மாநிலங்களுக்கு இடையே மூன்று பந்தயங்கள் நடக்கின்றன. "சொந்த மாநிலப் பந்தயம்" என்று அதைச் சொல்லலாம். அந்த நாட்டில் அதைவிடப் பெரிய பந்தயங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். அதில் ஆடத் தேர்வு பெறுவது ஓர் ஆட்டக்காரனுக்குப் பட்டம் சூட்டியதற்குச் சமம். பணமும் அற்பமல்ல. 2019-இல் ஓர் ஆட்டத்துக்கு ஓர் ஆட்டக்காரர் பெற்ற தொகை 30,000 ஆஸ்திரேலிய டாலர்.

ஆனால் அந்த இரண்டு மாநிலங்களுக்கு வெளியே வளர்ந்த ஒரு பையன், எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அந்தப் பந்தயத்தில் கால் வைக்க முடியாது. இது நியாயந்தானா என்பதே கேள்வி.

கூலிக்காகப் பிறந்த ஆட்டம்

இந்த ஆட்டத்தின் பிறப்பைத் தெரிந்துகொண்டால்தான் இதில் உள்ள முரண்பாடு விளங்கும். இங்கிலாந்தின் வட பகுதியில் நிலக்கரிச் சுரங்கத்திலும் நூற்பாலையிலும் உழைத்தவர்கள் ரக்பி ஆடினார்கள். பந்தயத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியைக் கிளப் ஈடு செய்யவேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். ரக்பி யூனியனை நடத்தி வந்த கனவான்களோ, பணம் வாங்கிக்கொண்டு ஆடுவது இழுக்கு என்று மறுத்துவிட்டார்கள். கனவான்களுக்கு ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்ற நிலை இல்லை. அதனால் மறுப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

1895 ஆகஸ்டு 29-ந் தேதி ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் வட பகுதிக் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடித் தனி அமைப்புக் கண்டார்கள். வேலை இழந்த நாளுக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. அதிலிருந்து வளர்ந்ததுதான் ரக்பி லீக். ஆகவே, உழைப்பாளி பிழைப்பையும் பார்த்துக்கொண்டு ஆட்டத்தையும் ஆட வேண்டும் என்பதற்காகவே தோன்றிய விளையாட்டு இது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிற குடும்பத்தின் பிள்ளைக்கு இந்த விளையாட்டிலேயே இடமில்லை என்றால், அது தன் பிறப்பையே மறந்த கதை அல்லவா?

1980-இல் வந்த திருப்பம்

ஆஸ்திரேலியாவில் இரு மாநிலங்களும் 1908 முதலே மோதி வந்தன. அப்போது இருந்த விதி வேறு. ஓர் ஆட்டக்காரர் எந்த மாநிலத்துக் கிளப்பில் ஆடுகிறாரோ, அந்த மாநிலத்துக்குத்தான் ஆடவேண்டும். பார்ப்பதற்கு ஒழுங்கான விதி. ஆனால் 1956-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு கிளப்புகளில் சூதாட்ட இயந்திரங்களை வைக்கச் சட்டப்படி அனுமதி கொடுத்தது. சிட்னி கிளப்புகளின் கஜானா நிரம்பியது. குயீன்ஸ்லாந்தில் அந்த வசதி கிடையாது. விளைவு என்ன? குயீன்ஸ்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிட்னிக்கு வேலைக்குப் போவது போலப் போனார்கள். போனவர்கள், விதிப்படி, பிறந்த மாநிலத்தையே எதிர்த்து ஆட வேண்டியதாயிற்று. மகனை வளர்த்து அனுப்பிய தாய், அவன் கையாலேயே அடி வாங்கிய கதை அது.

1959-க்குப் பிறகு குயீன்ஸ்லாந்து ஒரு தொடரைக்கூட வெல்லவில்லை. மக்களுக்கும் சலித்துவிட்டது. 1980-இல் சிட்னியில் நடந்த இரண்டாவது ஆட்டத்தைப் பார்க்க இரண்டாயிரம் பேர்கூட வரவில்லை.

அந்த நிலையில்தான் குயீன்ஸ்லாந்து ரக்பி லீக் தலைவராக இருந்த செனட்டர் ரான் மக்காலிஃப் ஒரு யோசனைக்கு உடன்பட்டுப் பாடுபட்டார். எங்கே சம்பளம் வாங்குகிறான் என்று பார்க்க வேண்டாம். எங்கே ஆட்டத்தைத் தொடங்கினான் என்று பார்ப்போம் என்பதே அந்த யோசனை. அது முற்றிலும் புதியதும் அல்ல. அதே நாட்டின் வேறொரு கால்பந்து வகையில் 1977-லேயே மேற்கு ஆஸ்திரேலியா இந்த முறையைச் சோதித்துப் பார்த்தது. விக்டோரியா கிளப்புகளுக்குப் போயிருந்த தன் பிள்ளைகளைத் திரும்ப அழைத்து, அந்த விக்டோரியாவையே 94 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தது.

1980 ஜூலை 8-ந் தேதி பிரிஸ்பேன் லாங் பார்க் மைதானத்தில் 33,210 பேர் திரண்டார்கள். குயீன்ஸ்லாந்தின் தலைவராக ஆர்தர் பீட்சன் வந்தார். ரோமா என்ற உள்நாட்டு ஊரில் பிறந்த பழங்குடி மரபினர். 1973-இல் ஆஸ்திரேலிய அணிக்கே தலைமை தாங்கியவர். நியூ சவுத் வேல்ஸ் சட்டையைப் பலமுறை அணிந்தவர். அப்போது அவருக்கு வயது 35. கிளப்பிலேயே இரண்டாம் அணிக்குத் தள்ளப்பட்டிருந்தார். அன்றைய தினம் தம் சொந்தக் கிளப் தோழரான மிக் குரோனினுடனேயே மோதினார் என்பது இன்றளவும் பேசப்படுகிறது. அதே நாளில் தம் 20-வது பிறந்த நாளைக் கொண்டாடிய மால் மெனிங்கா உதைத்த ஏழு கோல்களும் தப்பாமல் போயின. குயீன்ஸ்லாந்து 20-10 என்று வென்றது. 1982 முதல் மூன்று ஆட்டங்களும் இந்த முறையிலேயே நடக்கலாயின.

பணம் பேசிய இடத்தில் மண் பேசத் தொடங்கியது. நல்ல மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு குறையைத் தீர்த்த விதி இன்னொரு குறைக்கு வித்திட்டது.

மூன்றாவது ஊர்க்காரன் கதி

"சொந்த மாநிலம்" என்று பெயர். ஆனால் மாநிலங்கள் இரண்டே இரண்டு. விக்டோரியா, மேற்கு ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மானியா, வட பிரதேசம் ஆகியவற்றுக்கு அணியே கிடையாது. அங்கெல்லாம் வேறு வகைக் கால்பந்துதான் செல்வாக்குள்ளது. ரக்பி லீக் பிற்பாடு வந்தது என்பதே காரணம். அந்தப் பகுதிகளின் சங்கங்களுக்கு "இணைப்பு மாநிலங்கள்" என்று பெயர். ரயிலில் பின்னால் கோத்த கூடுதல் பெட்டி மாதிரி!

பழைய விதியில் ஒரு சந்து இருந்தது. பெரியவர்கள் ஆட்டத்தை முதன்முதலில் எங்கே ஆடினான் என்பதைப் பார்த்தார்கள். அதனால் பதினாறு, பதினேழு வயதில் வந்து சேர்ந்த பையனுக்கும் வழி கிடைத்தது. ஆனால் அந்தச் சந்தில் வேறு சிலரும் புகுந்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் பவ்ராவில் என்ற சிற்றூரைச் சேர்ந்த கிரெக் இங்லிஸ், 2006 முதல் குயீன்ஸ்லாந்துக்காக ஆடி, இந்தப் பந்தயங்களில் யாரும் எட்டாத அளவு 18 தடவை கோட்டைத் தாண்டினார். பவ்ராவில் பையனை எதிரி கொண்டுபோனான் என்று நியூ சவுத் வேல்ஸ்காரர்கள் ஆண்டுக்கணக்கில் புலம்பினார்கள்.

அந்தச் சச்சரவுகளை முடிக்க 2012 இறுதியில் விதியை இறுக்கினார்கள். அந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும். அல்லது 13 வயது நிறைவதற்கு முன் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். அல்லது தகப்பனார் அந்தப் பந்தயத்தில் ஆடியவராக இருக்க வேண்டும். இரு மாநிலத்தாரின் சண்டை தீர்ந்தது. ஆனால் மூன்றாவது ஊர்க்காரனுக்குக் கதவு சாத்தப்பட்டது.

இதன் விந்தையைப் பாருங்கள். கேலின் போங்கா என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் மேற்கு ஆஸ்திரேலியாவில் போர்ட் ஹெட்லண்டு துறைமுக ஊரில் பிறந்தவர். சிறு வயதில் சில ஆண்டுகளை நியூஸீலந்தில் கழித்தவர். குடும்பம் காலத்தில் குயீன்ஸ்லாந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் 2018-இல் அந்த மாநிலத்துக்காகக் களமிறங்கினார். வேறொரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். அதே துறைமுகத்தில் அதே வேலை பார்க்கும் தகப்பன். அதே திறமையுள்ள பையன். ஆனால் தகப்பனுக்கு மாற்றல் உத்தரவு, பையனுக்குப் பதினான்கு வயதானபோது வருகிறது. அவ்வளவுதான், ஆயுள் முழுக்க அவனுக்கு அந்தச் சட்டை கிடையாது. பையனின் தகுதியை அவன் கால் தீர்மானிக்கவில்லை. கம்பெனி ஆபீசில் உத்தரவு டைப் அடித்த தேதி தீர்மானிக்கிறது. மாற்றல் உத்தரவால் பிள்ளைகளின் படிப்பு குலைந்த குடும்பங்களுக்கு இந்த நியாயம் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

டிக்கெட் வாங்க மட்டும் உரிமையா?

மற்ற மாநிலங்களில் இந்த ஆட்டத்துக்கு மதிப்பில்லை, ஆகவே அணியும் இல்லை என்று சொன்னால் ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 1990 முதலே இந்தப் பந்தயத்தை மெல்போர்ன் நகருக்கு அவ்வப்போது எடுத்துப் போகிறார்கள். 1994-இல் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் கூடியவர்கள் 87,161 பேர். 2015-இல் அதே இடத்தில் 91,513 பேர். 2019-இல் பெர்த் நகரில் 59,721 பேர். அடிலெய்டிலும் நடத்தியிருக்கிறார்கள்.

ஆக, வசூலுக்கு அந்த ஊர்கள் வேண்டும். மைதானம் வேண்டும். டிக்கெட் வாங்குகிற கூட்டம் வேண்டும். அந்த மண்ணின் மைந்தன் மட்டும் வேண்டாம்! கல்யாணத்துக்கு மொய் வாங்கிக்கொண்டு, பந்தியில் இலை போடாமல் அனுப்புவது எந்த ஊர் வழக்கம்? தொண்ணூறாயிரம் பேரில் ஒரு சிறுவன், "நானும் ஒரு நாள் இங்கே ஆடுவேன்" என்று தகப்பனாரிடம் சொன்னால், "உனக்கு அந்த உரிமை இல்லையப்பா" என்றுதான் அவர் பதில் சொல்லியாக வேண்டும். மாற்றாந்தாய் மனப்பான்மை என்பது இதுதான்.

கிளப் அமைப்பதிலும் இப்படித்தான். மெல்போர்ன் ஸ்டார்ம் என்ற அணி 1998-இல் களமிறங்கியது. அடுத்த ஆண்டே சாம்பியன் ஆயிற்று. ஆனால் அதன் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான கேமரான் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர் முதலியோர் குயீன்ஸ்லாந்திலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். விக்டோரியாவிலேயே பிறந்து, அங்கேயே ஆட்டம் கற்ற ஒருவர் அந்த அணியில் இடம்பெற 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாஹே ஃபோனுவா என்பது அவர் பெயர். பின்னால் அவர் தம் முன்னோர் நாடான டோங்காவுக்காகச் சர்வதேசப் பந்தயம் ஆடினார். பெர்த்தில் ஆடி வளர்ந்த வாக்கா பிளேக், பிறந்த நாடான ஃபிஜிக்காக ஆடினார். முன்னோர் நாடு ஒன்று இருந்ததால் இவர்களுக்கு ஒரு சட்டை கிடைத்தது. அதுவும் இல்லாதவன் எங்கே போவான்?

கண்ணில் படாதவன் கணக்கில் இல்லை

இந்தப் பந்தயத்தில் ஆடாவிட்டால் என்ன, நேரே ஆஸ்திரேலிய அணிக்குப் போகலாமே என்று சிலர் கேட்கலாம். ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. நடப்பு வேறு. தேசிய அணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் பார்ப்பது இந்த மூன்று ஆட்டங்களைத்தான். கடுமையான போட்டியில் யார் தாங்குகிறான், யார் தளர்கிறான் என்று எடைபோடும் தராசு அதுவே. தராசில் ஏற்றவே மறுத்துவிட்டு, எடை போதவில்லை என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

பாரம்பரிய மாநிலங்களுக்கு உள்ளேகூட ஒதுக்குப்புறம் என்று ஒன்று உண்டு. நியூ சவுத் வேல்ஸில் நகர அணிக்கும் நாட்டுப்புற அணிக்கும் 1911 முதல் ஒரு பந்தயம் நடந்து வந்தது. 1987-க்குப் பின் அதிலும் சொந்த ஊர்ப்படியே ஆள் சேர்த்தார்கள். சுரங்க ஊரிலும் கோதுமை விளையும் ஊரிலும் பிறந்த பையன்கள் தேர்வாளர்களின் கண்ணில் படுவதற்கு அது ஒரு படிக்கட்டு. கிளப்புகள் தங்கள் ஆட்டக்காரர்களை விட மறுத்து, அந்தப் பந்தயத்தை நாளடைவில் வலுவிழக்கச் செய்தன. 2017-இல் மட்ஜீ என்ற ஊரில் நடந்த ஆட்டத்தோடு அதை நிறுத்திவிட்டார்கள். படிக்கட்டை எடுத்துவிட்டு, மாடிக்கு வா என்று கூப்பிடுகிறார்கள்.

மறுபக்கத்தின் வாதம்

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். இந்தப் பந்தயத்தின் உயிரே மண் பற்றில்தான் இருக்கிறது. கதவைத் திறந்தால் பணமுள்ள மாநிலம் பெர்த்திலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் ஆள் பிடிக்கும். 1980-க்கு முந்திய சீர்கேடு திரும்பும் என்கிறார்கள். இது வெறும் சாக்கு அல்ல. கூலிப்படை ஆட்டத்தில் பொதுமக்களுக்கு ருசியிருக்காது என்பதை அந்தக் காலியான மைதானங்களே காட்டின. இரு மாநிலத்தாரும் இத்தனை ஆண்டு வளர்த்த வைராக்கியத்தை வேறு யாருக்கும் பங்கு போட மாட்டோம் என்று நினைப்பதிலும் தவறில்லை.

ஆனால் பற்று என்பது பிறப்புச் சான்றிதழில் மட்டும் ஒட்டியிருப்பதில்லை. பீட்டர் ஸ்டெர்லிங் குயீன்ஸ்லாந்தில் டூவும்பா நகரில் பிறந்தவர். நியூ சவுத் வேல்ஸின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக விளங்கினார். ஃபிஜித் தலைநகர் சுவாவில் பிறந்த பெட்டெரோ சிவோனிசெவா குயீன்ஸ்லாந்துக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அவர்களுடைய பற்றில் குறை கண்டவர் யார்?

விதியைத் தளர்த்தினால் ஆட்டம் கெடும் என்பதற்கும் அனுபவம் வேறு விடை சொல்கிறது. இந்த இரு மாநிலங்களுக்காக ஆடுகிறவர்கள் சமோவா, டோங்கா போன்ற சிறு நாடுகளுக்காகவும் ஆடலாம் என்று வழிவிட்டார்கள். 2019-இல் டோங்கா, ஆஸ்திரேலியாவையே 16-12 என்று வீழ்த்தியது. 2022-இல் நடந்த உலகக் கோப்பையில் சமோவா இறுதி ஆட்டம் வரை வந்தது. அதில் ஆடிய ஜெரோம் லுவாய், பிரையன் டோ'ஓ, ஜூனியர் பவுலோ மூவரும் அதே ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் சட்டை அணிந்தவர்கள். அதனால் மாநிலப் பந்தயத்தின் மவுசு குறையவில்லை. உலகப் பந்தயத்தின் மவுசு கூடியது. கதவைத் திறந்ததால் வீடு பறிபோகவில்லை.

கார்டிஃப் துறைமுகத்தின் பாடம்

வழக்கமில்லாத ஊரிலிருந்து ஆள் எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இங்கிலாந்திலேயே சான்று உண்டு. ரக்பி லீக் அந்நாட்டின் வட பகுதி ஆட்டம். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் துறைமுகம் அதன் எல்லைக்கு வெகு தூரம். அங்கே யூனியன் ரக்பிதான் ராஜா. பணத்துக்காக வடக்கே போனவனை யூனியன் அந்தக் காலத்தில் ஆயுளுக்கும் ஒதுக்கி வைத்துவிட்டது. அந்தத் துறைமுகத்தில் பல நாட்டு மாலுமிகளின் குடும்பங்கள் வாழ்ந்த டைகர் பே என்ற பேட்டையிலிருந்து பில்லி பாஸ்டன் என்ற இளைஞர் 1953-இல் விகன் கிளப்புக்குப் போனார். தகப்பனார் ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டவர். கிளப்பில் ஒரு சில ஆட்டங்களே ஆடியிருந்த அவரை 1954-இல் பிரிட்டிஷ் அணியில் சேர்த்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸீலந்துக்கும் அனுப்பினார்கள். அந்தப் பயணத்தில் அவர் 36 தடவை கோட்டைத் தாண்டினார். தேர்வாளர்கள் ஊரைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்கள், பலன் கிடைத்தது. 2025-இல் அவருக்கு "சர்" பட்டம் கிடைத்தது. ரக்பி லீக் ஆட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

அதே கார்டிஃப் நகரத்துக் கிளைவ் சல்லிவன் 1972-இல் பிரிட்டிஷ் அணிக்குத் தலைமை தாங்கி உலகக் கோப்பையை வென்றார். பிரிட்டனில் எந்த விளையாட்டிலும் தேசிய அணிக்குத் தலைவரான முதல் கறுப்பர் அவர். குடியேறி வந்த குடும்பத்தில் அதே நகரில் பிறந்த கஸ் ரிஸ்மன் 1946-இல் பிரிட்டிஷ் அணியைத் தலைமையேற்று அழைத்துப் போய், ஆஸ்திரேலியாவில் ஒரு டெஸ்டுகூடத் தோற்காமல் திரும்பினார். மூவருக்கும் 2023-இல் கார்டிஃப் துறைமுகத்தில் சிலை வைத்திருக்கிறார்கள்.

மறுபுறம், ஊர் பார்த்து ஒதுக்கியதால் நேர்ந்த நஷ்டத்துக்கும் உதாரணம் உண்டு. சிட்னியைச் சேர்ந்த பிரையன் பெவன் கடற்படைக் கப்பலில் இங்கிலாந்துக்கு வந்தவர். வாரிங்டன் கிளப்பில் ஒட்டிக்கொண்டார். ஒல்லியான உடம்பு, முழங்காலில் கட்டுகள். ஆயினும் 796 தடவை கோட்டைத் தாண்டி, உலக ரிக்கார்டு வைத்தார். வெளிநாட்டில் ஆடினார் என்பதால் ஆஸ்திரேலியா ஒரு டெஸ்டுக்குக்கூட அவரை எடுக்கவில்லை. 2008-இல் நூற்றாண்டின் தலைசிறந்த ஆஸ்திரேலிய அணி என்று ஒன்றை அறிவித்தபோது, அதில் பெவன் பெயரைச் சேர்த்தார்கள்! ஆடத் தெம்பிருந்த காலத்தில் கொடுக்காத சட்டையை, காலமாகிப் பல ஆண்டு கழித்துக் கொடுத்தால் யாருக்கு லாபம்?

வழி இல்லாமல் இல்லை

இதற்குப் புது வைத்தியம் தேட வேண்டியதில்லை. பழைய ஏட்டிலேயே இருக்கிறது. 1904 ஏப்ரல் 5-ந் தேதி விகன் நகரில் ரக்பி லீக்கின் முதல் சர்வதேச ஆட்டம் நடந்தது. இங்கிலாந்தை எதிர்த்து ஆட வேறு எந்த நாட்டுக்கும் அப்போது தனி அணி இல்லை. வடக்கே பிழைக்க வந்திருந்த வேல்ஸ்காரர்களையும் ஸ்காட்லாந்துக்காரர்களையும் சேர்த்து "மற்ற நாட்டார்" என்று ஓர் அணி கட்டினார்கள். அந்த அணி 9-3 என்று இங்கிலாந்தைத் தோற்கடித்தது. பிற்காலத்தில் பெவனுக்கும் அந்த அணிதான் புகலிடம் தந்தது.

ஆஸ்திரேலியாவின் மற்றக் கால்பந்தில் 1995 முதல் 1998 வரை, தனியாக அணி கட்டப் பலமில்லாத மாநிலத்தாரையெல்லாம் ஒன்று சேர்த்து "நேச அணி" என்று நடத்தினார்கள். இந்திய வாசகர்களுக்கு இது அதிசயமல்ல. ரஞ்சி கோப்பையில் மாநில அணிகளோடு ரயில்வே அணியும் ராணுவ அணியும் ஆடுகின்றனவே! அங்கே யாரும் பிறந்த மண்ணைக் கேட்பதில்லை; ஒரே வேலை, ஒரே சட்டை. ரயில்வே அணி 2001-02 லும், 2004-05 லும் ரஞ்சி கோப்பையையே வென்றது. சென்னையில் பிறந்த முரளி கார்த்திக் ரயில்வே அணியிலிருந்துதான் இந்திய அணிக்குப் போனார். மண்ணால் ஒன்றுபடுவது போலவே, மண்ணை விட்டு வந்ததாலும் மனிதர்கள் ஒன்றுபட முடியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, இணைப்பு மாநிலங்களின் பையன்களைக் கொண்டு ஓர் அணி கட்டி, ஆண்டுக்கு ஓர் ஆட்டமாவது தேசியத் தேர்வாளர்களின் முன்னிலையில் நடத்த வேண்டும். தோற்றாலும் பாதகமில்லை, குயீன்ஸ்லாந்தும் இருபது ஆண்டு தோற்ற பிறகுதான் எழுந்தது. இரண்டாவது, அணியில்லாத மாநிலத்தில் ஆட்டம் கற்ற பையன், பதினெட்டு வயதுக்குள் இரண்டு மாநிலங்களில் ஒன்றை ஒரே ஒரு தடவை தேர்ந்துகொள்ள அனுமதிக்க வேண்டும். பிறகு மாற்றக் கூடாது. மாற்ற முடியாது என்றால் பணத்துக்காக ஆள் பிடிக்கும் வேலையும் நடக்காது. மூன்றாவது, மெல்போர்னிலும் பெர்த்திலும் அடிலெய்டிலும் வசூலாகும் தொகையில் ஒரு பங்கை அந்தந்த ஊர்ப் பையன்களின் பயிற்சிக்கே ஒதுக்க வேண்டும்.

காலமும் கனிந்திருக்கிறது. 2027-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் பெர்த் நகர அணியைச் சேர்ப்பதென 2025-இல் முடிவாயிற்று. முன்பும் பெர்த்தில் ஓர் அணி 1995 முதல் 1997 வரை ஆடி மறைந்தது. அடிலெய்டு அணி 1997, 1998 என்று இரண்டே ஆண்டு தாங்கியது. உள்ளூர்ப் பையன் சட்டை போடாத அணி வாடகை வீட்டுக்குச் சமம். காலி செய்யச் சொன்னால் காலி செய்ய வேண்டியதுதான். உள்ளூர்ப் பையன் ஆடி, அவனுக்கு மேலே ஏற ஒரு வழியும் இருந்தால், அந்த அணி சொந்த வீடாகும்.

"எங்கே பிறந்தாய்?" என்ற கேள்வி 1980-இல் குயீன்ஸ்லாந்து ஏழைக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தது. அதே கேள்வி இன்று பெர்த் பையனை வாசலில் நிறுத்திவைக்கிறது. கேள்வி ஒன்றுதான், யாருக்காகக் கேட்கிறார்கள் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் பிரிகின்றன. அன்று பணபலத்துக்கு எதிராக விதியை மாற்றத் துணிந்தவர்கள், இன்று பையன்களுக்காக இன்னொரு தடவை மாற்றத் துணிய வேண்டும்.